வீட்டுக்கு மட்டுமா வில்லங்கம்?

ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்க வருகிறவர்கள் விலை பேசும் முன்பே 'அடிமனை யாருடையது?' என்று கேட்டுவிடுவார்கள். கோயில் மனையா, பட்டா மனையா, தாய்ப்பத்திரம் கையில் இருக்கிறதா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதா என்று துருவி, வக்கீலிடம் காட்டிய பிறகுதான் அட்வான்ஸ் கை மாறும். இவ்வளவு விவரமானவர்களும் பார்க்காமல் விடுகிற வில்லங்கம் ஒன்று உண்டு. அது அவர்கள் பெயரிலேயே, கடன் அறிக்கையில் இருக்கிறது.

ஒரு குடும்பம் மூன்று மாதக் கெடுவில் ஒப்பந்தம் போட்டு, 2 லட்சம் ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடன் அதிகாரி கணினித் திரையைத் திருப்பிக் காட்டுகிறார். எட்டு வருடத்துக்கு முன்பே ஒப்படைத்த கிரெடிட் கார்டு. நிலுவை 2,340 ரூபாய். பக்கத்தில் 'ரிட்டன் ஆஃப்', அதாவது வராக்கடன் என்ற குறிப்பு. “முதல்ல இதைச் சரி பண்ணிட்டு வாங்க சார்” என்கிறார். கார்டு கொடுத்த வங்கியின் கிளைக்குப் போனால், “கார்டு விஷயம் இங்கே இல்லை, கஸ்டமர் கேரில் பேசுங்க” என்கிறார்கள். தொல்லை விட்டால் போதும் என்று பேரம் பேசி ஏதோ ஒரு தொகையைக் கட்டினால், கணக்கு 'செட்டில்டு' என்று பதிவாகலாம். அடுத்த வங்கிக்கு அதுவும் ஒரு கறைதான். இதற்கிடையே ஒப்பந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது.

இத்தகைய பிழை நுழையப் பல வழிகள் உண்டு. கடனை அடைத்தவர் கையில் நோ டியூ சான்று இருக்கும். கடன் அறிக்கையைத் தொகுக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கு மட்டும் அந்தச் செய்தி போயிருக்காது. பான் எண்ணைத் திருடி வேறொருவர் கடன் வாங்கியிருப்பார்; செயலி வழிக் கடனில் இப்படி ஏமாந்த பலர் 2022 பிப்ரவரியில் சமூக ஊடகங்களில் குமுறினார்கள். நம் ஊருக்கே உரிய சிக்கலும் ஒன்று இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இனிஷியல்தான் அடையாளம். அது ஒரு ஆவணத்தில் ஓரெழுத்தாக இருக்கும். இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்து முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளும். ரங்கராஜன் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற தெருவில், ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் விழ இது போதும்.

பிழை நேர்வதைக்கூடப் பொறுக்கலாம். அதைத் திருத்தும் வழியில்தான் அநீதி இருக்கிறது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-இன் 21-ஆம் பிரிவு, திருத்தம் கேட்டால் 30 நாளில் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. ஆனால், சம்பந்தப்பட்ட வங்கி 'சரி' என்று சான்றளித்தால்தான் திருத்தவே முடியும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, தவறாக எழுதியவரிடமே தவறு என்று எழுதி வாங்கி வரவேண்டும். அவர் மௌனமாக இருந்தால் அந்த வரி அப்படியே நிற்கும்.

வில்லங்கச் சான்றை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண்ணும் தேதியும் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் பதிவு அலுவலகத்தில் மனுப்போட்டு நகல் வாங்கிவிடலாம். கடன் அறிக்கையோ ஒரு தரப்பு எழுதி அனுப்புவது. கடன்காரர் என்று குறிக்கப்பட்டவர் கையெழுத்திட்ட தாள் எதுவும் அதோடு வருவதில்லை.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் அவற்றைக் குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் கொண்டுவந்தது. 2023 ஜூனில் நான்குக்கும் தலா 25 லட்சம் ரூபாயை ஒட்டி அபராதம் விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில், புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று அறிவித்தது.

இந்த 100 ரூபாய் எந்த மூலைக்கு? திருத்தம் 60 நாள் இழுத்தால், முதல் 30 நாள் போகக் கிடைப்பது 3,000 ரூபாய். பறிபோகக்கூடிய அட்வான்ஸோ 2 லட்சம். கடன் மறுக்கப்படாமல் வட்டி மட்டும் அரை சதவீதம் ஏறினாலும் சும்மா இல்லை: 40 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக்கு 8.5-க்குப் பதில் 9 சதவீதத்தில் வாங்கினால், மாதத் தவணை சுமார் 1,275 ரூபாய் கூடும். மொத்தத்தில் 3 லட்சத்தைத் தாண்டும்.

வங்கிகள் கடன் கொடுப்பது மக்களின் டெபாசிட் பணத்தில். ஏமாற்றியவர் யார் என்று தெரியாவிட்டால், ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில்தான் வட்டி ஏறும். எனவே பதிவேடு வேண்டும் என்பதில் நமக்கும் மாறுபாடில்லை. 2025 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் பிரதமரைச் சந்தித்த எடப்பாடி பழனிசாமி, விவசாயக் கடனுக்குச் சிபில் பார்ப்பதிலிருந்து விலக்குக் கேட்டு மனுக் கொடுத்தார். அந்தக் கோரிக்கைக்கு அதற்குரிய நியாயம் உண்டு. ஆனால், ஒரு பிரிவினருக்கு விலக்குக் கொடுப்பதால் மற்றவர்களின் பதிவேட்டில் உள்ள பிழை திருந்தாது.

நிரூபிக்கும் சுமையைப் பதிவு செய்தவர் மீது மாற்றுவதே தீர்வு. அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மறுக்கப்பட்ட விவரத்தைக் கெடுவுக்குள் சரிபார்க்க முடியாவிட்டால் அதை நீக்கியாக வேண்டும். இங்கும் 21-ஆம் பிரிவைத் திருத்தி, கடன் ஒப்பந்தத்தின் நகலையும் கணக்கு விவரத்தையும் 30 நாளில் காட்டாத வங்கியின் பதிவு தானாக நீங்கும்படி செய்ய வேண்டும். புகாரில் உள்ள ஒற்றைப் பதிவை மட்டும் காரணம் காட்டி வீட்டுக் கடனை மறுக்கக் கூடாது. இழப்பீடு, நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். திருச்சி ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில், மாவட்ட முன்னோடி வங்கி இதற்கென ஒரு மேசை போடலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

அதுவரை, வீடு வாங்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு மூன்று மாதம் முன்பே நான்கு அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பிழை தெரிந்தால் வங்கிக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாள் கடந்தால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். 'சிபிலைச் சரிசெய்து தருகிறோம்' என்று காசு கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம். நோ டியூ சான்றைத் தாய்ப்பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வையுங்கள்.

இத்தனை முன்ஜாக்கிரதையும் வாங்காத கடனுக்காக! மனையின் மீது ஆவணமில்லாமல் ஒரு வரி எழுதப் பதிவு அலுவலகம் விடுவதில்லை. மனிதர்கள் பெயரில் எழுதவும் அதே விதியை வைக்க நாடாளுமன்றம் இனியும் தயங்கக் கூடாது.