சூட்டோடு வாழத் தெரிய வேண்டும்

நம் அன்பர்கள் பலர் வீட்டுப் பிள்ளைகள் இன்று டர்போ எஞ்சின் கார் வாங்குகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. அதன் சூட்டோடு வாழவும் தெரிய வேண்டும் என்பது என் கருத்து.

மர்பி டவுனில் என் தந்தை ஓட்டிய அம்பாசடர் டாக்சியில் எப்போதும் ஒரு தண்ணீர்க் கேன் இருக்கும். வண்டி கொதித்தால் நிறுத்தி, நன்றாக ஆறவிட்ட பிறகே மூடியைத் தொடுவார். அந்தக் கேனைக் கேலி செய்தவன் என் தம்பி மகன். சென்ற கோடையில் பழைய மதராஸ் சாலை நெரிசலில் அவன் கார் கொதித்தது. பதறிப்போய் மூடியைத் திறந்தான். முழங்கை வரை வெந்துவிட்டது.

பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் நொடியில் ஆவியாகிப் பீறிடும்.

நம் கோவை நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஓட்டிய ஃபார்முலா ஒன் காருக்கு ரேடியேட்டர் விசிறியே கிடையாது. ஓடும்போது புகும் காற்றே அதைக் குளிர்விக்கும், நின்றால் கொதிக்கும். நம் வீட்டுக் காருக்கு விசிறி உண்டு. ஆனாலும் பெங்களூர் நெரிசலில் அதற்கும் மூச்சு முட்டும்.

ஆகவே, முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள். ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். கார் விற்பவர் சாவியோடு இதையும் சொல்லித் தர வேண்டும். அவர் சொல்லாவிட்டால், வீட்டுப் பெரியவர்களே, நீங்கள் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிவிட்டேன்.