காப்பிக்கு மார்க்கு போடுவது நிபுணரா? நாக்கா?

காலையில் எழுந்ததும் காப்பி வேண்டும். வராவிட்டால் சிலருக்குத் தலை வலிக்கும். சிலருக்குக் கோபம் வரும். சில வீடுகளில் அன்றையச் சண்டையே காப்பியில்தான் தொடங்கும்.

"இன்றைக்குக் காப்பி நன்றாக இல்லை" என்பார் கணவர்.

"நேற்றுப் போட்ட அதே பொடிதான்" என்பார் மனைவி.

யார் சொல்வது சரி? ஒரு காப்பி நல்ல காப்பியா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்?

இதை வெறும் வேடிக்கைக் கேள்வி என்று நினைக்காதீர்கள். காப்பியை ருசி பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்று, பரீட்சையில் தேறிய நிபுணர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் காப்பியைக் குடித்துப் பார்த்து மார்க்கு போடுகிறார்கள். அந்த மார்க்கைப் பொறுத்துக் கொட்டையின் விலை ஏறும், அல்லது இறங்கும்.

"நிபுணர் சொன்னால் சரிதான்" என்பது ஒரு கட்சி. "என் நாக்குக்குப் பிடித்தால் போதும். நிபுணர் யார் கேட்க?" என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியும் பாதி சரி. பாதி தவறு. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பாட்டியும் பேத்தியும்

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அந்த வீட்டுப் பேத்தி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். காப்பிக் கடையில் வேலை. சாதாரணக் கடை அல்ல. ஒவ்வொரு தோட்டத்துக் கொட்டையையும் தனித்தனியாக வறுத்து, பால் சேர்க்காமல் கொடுக்கும் கடை. காப்பியை ருசி பார்க்க அவள் பயிற்சி பெற்றவள்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தாள். பாட்டி ஆசையோடு காப்பி கலந்து, டவரா டம்ளரில் நுரை ததும்பக் கொண்டுவந்து கொடுத்தார்.

பேத்தி ஒரு வாய் குடித்தாள்.

"பாட்டி, இது காப்பியே இல்லை! பாதிக்குப் பாதி சிக்கரி. கொட்டையையும் கருக விட்டிருக்கிறார்கள். எங்கள் கடையில் இதற்கு மார்க்கே போட மாட்டோம்" என்றாள்.

பாட்டியின் முகம் வாடிவிட்டது.

"ஐம்பது வருஷமாக இப்படித்தான் போடுகிறேன். உன் தாத்தா இதைக் குடித்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனார். நீயும் இதைக் குடித்துத்தான் வளர்ந்தாய்" என்றார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பேத்தி பொய் சொல்லவில்லை. பாட்டியும் பொய் சொல்லவில்லை. பிறகு ஏன் இந்த மனவருத்தம்?

அதைப் பார்ப்பதற்கு முன், நிபுணர்கள் எப்படி மார்க்கு போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

உறிஞ்சிக் குடி, துப்பிவிடு!

எட்டேகால் கிராம் காப்பிப் பொடி. அதற்கு 150 மில்லி லிட்டர் வெந்நீர். வெந்நீரின் சூடு சுமார் 93 டிகிரி. பில்டர் கிடையாது. பொடியின் மேல் நேராக வெந்நீரை ஊற்றுவார்கள். 4 நிமிடம் கழித்து, மேலே மிதக்கும் பொடியைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து பார்ப்பார்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்து, 'சர்ர்ர்' என்று சத்தம் வர உறிஞ்சுவார்கள். வாய் முழுவதும் படவிட்டுத் துப்பிவிடுவார்கள்.

ஒரே காப்பியை ஐந்து கிண்ணத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு கிண்ணம் நன்றாக இருந்து இன்னொன்று கெட்டிருந்தால் மார்க்கு குறையும்.

2004-ல் வந்த மார்க்குத் தாளில் பத்து அம்சங்கள் இருந்தன. மணம், சுவை, குடித்த பின் நாக்கில் நிற்பது, புளிப்பு, திண்மை, இனிப்பு என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் 10 மார்க்கு. மொத்தம் 100. இதில் 80-க்கு மேல் வாங்கிய காப்பிக்குத் தனி மரியாதை. அதை 'ஸ்பெஷாலிட்டி காப்பி' என்பார்கள். விலையும் அதற்கு ஏற்றபடி கிடைக்கும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இதில் பாலும் கிடையாது. சர்க்கரையும் கிடையாது.

விதியால் என்ன லாபம்?

"இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்று சிலர் சொல்வார்கள். அப்படி அல்ல.

ஏற்காட்டிலோ, கொடைக்கானல் மலையடிவாரத்திலோ ஒரு சிறு தோட்டக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கஷ்டப்பட்டு, நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறிக்கிறார். பூஞ்சை பிடிக்காமல் காய வைக்கிறார். பக்கத்துத் தோட்டக்காரரோ பச்சைக் காய், பழம், அழுகல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டுகிறார். அளவுகோல் எதுவும் இல்லாவிட்டால் இருவருக்கும் ஒரே விலைதானே?

"என் நாக்குக்கு இது பிடிக்கவில்லை" என்று வியாபாரி சொல்லி விலையைக் குறைத்தால், தோட்டக்காரர் என்ன பதில் சொல்ல முடியும்? "இதோ, 84 மார்க்கு" என்று காட்டினால் வியாபாரியின் வாய் அடைபடும். விதி ஏழைக்கும் துணை.

நம் ஊர் 'டிகிரி காப்பி'யையே பாருங்கள். அந்தப் பெயர் வந்ததற்குப் பல கதைகள் சொல்கிறார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கருவி வைத்து, டிகிரி பார்த்து வாங்கியதால் அந்தப் பெயர் என்பது ஒரு கதை. அது உண்மையானால், கும்பகோணம் காப்பியின் பெருமையே ஒரு விதியில் பிறந்ததுதான்!

சிக்கரிக்கும் சட்டம் உண்டு. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடி செய்தால் காப்பிபோல் கறுப்பாக இருக்கும், கசக்கும். ஆனால் காப்பிக் கொட்டையில் உள்ள 'கபீன்' அதில் இல்லை. 1806-ல் நெப்போலியன் இங்கிலாந்தோடு வியாபாரத்தைத் தடை செய்தபோது, காப்பி கிடைக்காமல் பிரான்சு நாட்டு மக்கள் சிக்கரியைக் குடித்தார்கள். பஞ்ச காலத்துப் பழக்கம் பிறகு ருசியாகவே ஆகிவிட்டது.

நம் நாட்டுச் சட்டப்படி, சிக்கரி கலந்த பொடியில் 100-க்கு 51 பங்காவது காப்பி இருக்க வேண்டும். காப்பி எத்தனை பங்கு, சிக்கரி எத்தனை பங்கு என்று பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். "எல்லாம் அவரவர் ருசி" என்று இதையும் விட்டுவிட்டால், கலப்படக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்.

பரதமும் கும்மியும்

ஆனால் விதிக்கும் ஓர் எல்லை உண்டு.

பரத நாட்டியப் போட்டி நடக்கிறது. ஒரு பெண் மேடையில் ஏறி அழகாகக் கும்மி அடிக்கிறாள். சபையே தாளம் போடுகிறது. ஆனாலும் பரிசு கிடைக்குமா? கிடைக்காது. கும்மி மட்டம் என்பதாலா? இல்லை. அது பரதம் அல்ல. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்குப் போட்டி வைக்கிறார்கள். அதற்கு நடுவர்களைத் தேர்ந்தெடுக்க 1985-ல் ஒரு திட்டமே ஏற்பட்டது. ஒவ்வொரு ரகத்துக்கும் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். மொத்தம் 50 மார்க்கு. அதில் சுவைக்கு 20, மணத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3. வெளிர் பீர் வரிசையில் ஒருவர் கறுப்பு பீரைக் கொண்டுபோய் வைத்தால், நடுவருக்கே அது பிடித்திருந்தாலும் பரிசு கிடைக்காது. அதையே கறுப்பு பீர் வரிசையில் வைத்தால் முதல் பரிசு வாங்கினாலும் வாங்கும்.

பீர் நமக்கு வேண்டாம். அதில் உள்ள நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். "இது இந்த ரகத்துக்குப் பொருந்தவில்லை" என்பது வேறு. "இது மட்டம்" என்பது வேறு. முன்னதைச் சொல்ல நிபுணருக்கு உரிமை உண்டு. பின்னதைச் சொல்லும்போது அவர் எல்லை தாண்டுகிறார்.

பேத்தி செய்த தவறும் அதுதான். பால் இல்லாத காப்பிக்கு எழுதிய இலக்கணத்தைக் கொண்டுவந்து, பால் காப்பியை அளந்தாள். நம் பில்டர் காப்பி பாலுக்காகவே பிறந்தது. பாலை எதிர்த்து நிற்க டிக்காஷனில் கசப்பும் கனமும் வேண்டும். சிக்கரி அந்தக் கனத்தைக் கொடுக்கிறது. மார்க்குத் தாளில் பாலுக்கு இடமே இல்லாதபோது, அதில் பாட்டியின் காப்பி எப்படித் தேறும்?

குறையே பெருமையானது

விதி வானத்திலிருந்து குதித்ததா? இல்லை. ருசி பார்த்துத்தான் மனிதர்கள் விதி எழுதினார்கள். ருசி மாறினால் விதியும் வளைந்து கொடுக்கும்.

முன்காலத்தில் நம் நாட்டுக் காப்பிக் கொட்டை பாய்மரக் கப்பலில், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போயிற்று. மாதக் கணக்கில் கடலில் கிடக்கும். உப்புக் காற்றும் ஈரமும் பட்டுக் கொட்டை ஊதிவிடும். பச்சை நிறம் போய் மஞ்சளாகிவிடும். எந்த விதியைக் கொண்டு பார்த்தாலும் அது கெட்ட சரக்கு!

நீராவிக் கப்பல் வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. கொட்டை விரைவாக, பச்சை மாறாமல் போய்ச் சேர்ந்தது. "ஆகா" என்றார்களா ஐரோப்பியர்கள்? இல்லை. "பழைய ருசி எங்கே?" என்று கேட்டார்கள்!

என்ன செய்வது? மேற்குக் கடற்கரை வியாபாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பக்கவாட்டில் திறந்த கிடங்குகளில் கொட்டையைப் பரப்பினார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் பருவ மழைக் காற்றைப் பட விட்டார்கள். கொட்டை பழையபடி ஊதி மஞ்சளாயிற்று. இன்று 'மான்சூன்டு மலபார்' என்ற பெயரில் அது உலகமெங்கும் விலை போகிறது. புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. அதற்கென்று தனி இலக்கணமும் இருக்கிறது.

ரொபஸ்டா கதையும் அப்படித்தான். இந்தியாவில் விளையும் காப்பியில் 100-க்கு சுமார் 70 பங்கு ரொபஸ்டா. அராபிகாவே உயர்ந்தது, ரொபஸ்டா தாழ்ந்தது என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு நல்ல ரொபஸ்டாவுக்கென்று தனி அளவுகோல் ஏற்பட்டது.

ஆகவே, "விதிப்படி இது தவறு" என்று யாராவது சொன்னால், "எந்த விதி? யாருக்காக எழுதியது?" என்று கேட்பதில் தவறில்லை.

இரண்டு தாள்

நிபுணர்களுக்கே இது புரிந்துவிட்டது. காப்பிக்கு இலக்கணம் எழுதிய உலகச் சங்கம், 2023-ல் ஒரு புதிய முறையை வெளியிட்டது. அதில் பல தாள்கள் உண்டு. இரண்டு முக்கியமானவை.

ஒரு தாளில், "இந்தக் காப்பி எப்படி இருக்கிறது?" என்று மட்டும் எழுத வேண்டும். புளிப்பு அதிகமா, குறைவா? என்ன மணம்? நல்லது, கெட்டது என்ற பேச்சே அதில் கூடாது.

இன்னொரு தாளில், "இது எனக்கு எவ்வளவு நன்றாகப் படுகிறது?" என்று எழுத வேண்டும். 1 முதல் 9 வரை எண் போடலாம்.

இரண்டும் வேறு வேறு கேள்வி. வேறு வேறு தாள். இதைத்தான் நானும் சொல்கிறேன். சரக்கில் என்ன இருக்கிறது என்று சொல்வது விதியின் வேலை. அது வேண்டுமா, வேண்டாமா என்று சொல்வது நாக்கின் வேலை. ஒன்றின் நாற்காலியில் மற்றொன்று உட்காரக் கூடாது.

கடைக்காரர் "உங்கள் ருசி எப்படியோ" என்று மழுப்பினால் விடாதீர்கள். அங்கே விதியைக் கேளுங்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் யாராவது விதியைக் காட்டி உங்களைக் கூச வைத்தால், அதற்கும் தலைகுனியாதீர்கள்.

ஆனால் நாக்குக்கும் ஒரு கடமை உண்டு. "எனக்குப் பழக்கமானதே நல்லது" என்று வாயை மூடிக்கொள்ளக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காப்பியே கூடாது, நீராகாரமே போதும் என்று சண்டை போட்ட பெரியவர்கள் நம்மில் இருந்தார்கள். அவர்கள் பேரன்மார்தான் இன்று இரண்டாவது டம்ளர் கேட்கிறார்கள்! புதியதை ஒரு வாய் குடித்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

பாட்டி கொடுத்த தீர்ப்பு

கும்பகோணத்து வீட்டில் பிறகு என்ன நடந்தது?

மறுநாள் பேத்தி அடுப்படிக்குப் போனாள். தான் கொண்டுவந்த பொடியில், பால் இல்லாமல் ஒரு காப்பி போட்டாள். "நேற்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது, பாட்டி. இதைக் கொஞ்சம் குடித்துப் பாருங்கள்" என்றாள்.

பாட்டி குடித்தார். "வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. புளிக்கிறதே! இது காப்பியா, ரசமா?" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

பிறகு பேத்தி, பாட்டி வாங்கும் பொட்டலத்தை எடுத்து, மூலையில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். "காப்பி 60, சிக்கரி 40."

பாட்டி திடுக்கிட்டார். "நாற்பதா? காப்பிக்குக் கொடுத்த காசில் இத்தனை நாள் சிக்கரியா வாங்கினேன்!" என்றார்.

அடுத்த வாரம் பாட்டி கடைக்குப் போனார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொட்டலமாக எழுத்துக் கூட்டிப் படித்தார். காப்பி 80, சிக்கரி 20 உள்ள பொடியாகப் பார்த்து வாங்கினார்.

"சிக்கரியே இல்லாததும் இருக்கிறதே, அம்மா" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். அந்த இருபது என் நாக்குக்கு" என்றார் பாட்டி.