மழை தருவதை மழைக்காலத்தில் உண்போம்



கரிசல் பூமியான கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் ஐப்பசி மழை நன்றாக இறங்கிவிட்டதா என்று அறிய, காய்கறிச் சந்தைக்குப் போனாலே போதும். மலையிலிருந்து வந்த கேரட்டுக்கும் காலிஃபிளவருக்கும் பக்கத்தில், தரையில் விரித்த சாக்கில் சின்னஞ்சிறு பச்சைக் காய்கள் கூறு கூறாகக் குவிந்திருக்கும். அதுதான் அதலைக்காய். பாகற்காய்க்கு உறவு, கசப்பிலும் அப்படியே. ஐப்பசியில் தொடங்கித் தை வரை கிடைக்கும். சித்திரையில் எவ்வளவு பணம் நீட்டினாலும் கிடைக்காது.

பெரும்பாலும் இதை யாரும் விதைப்பதில்லை. கோடை முழுவதும் கரிசல் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, மழை ஈரம் பட்டதும் கொடிவிட்டு, பருத்தியும் மக்காச்சோளமும் கொத்தமல்லியும் நிற்கும் புஞ்சைகளில் தானே படரும். களையெடுக்கப் போகிற பெண்கள் மடி நிறையப் பறித்து வருவார்கள். பறித்ததை நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது, முற்றி வெடித்துவிடும். அதனால் பறித்த ஊருக்குப் பக்கத்திலேயே, பறித்த சூட்டிலேயே சமைக்க வேண்டிய காய் இது.

கரிசல் பூமிக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம். புரட்டாசியில் விதைப்பார்கள். மழை ஓய்ந்த பிறகும் கரிசல் ஈரத்தை விடாது. அந்த ஈரத்திலும் மார்கழிப் பனியிலுமே பயிர் விளைகிறது. உளுந்தும் பாசிப்பயறும் ஏறக்குறைய 70 நாளில் முந்திக்கொண்டு வீடு சேரும். கம்பும் சோளமும் பின்னால் வரும்.

சாப்பாடும் இந்த வரிசையைத்தான் பின்பற்றியது. கோடையில் மோர் ஊற்றிக் குடித்த கம்மங்கூழுக்குப் பதிலாக, அடைமழையில் அதே கம்பு சுடச்சுடக் களியாகிக் கருவாட்டுக் குழம்போடு தட்டில் விழும். மழைக்குத் தானாக முளைத்த பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் சட்டியில் கடைபடும். மாலையில் சுக்கு, மல்லி தட்டிப் போட்ட கருப்பட்டிக் காபி. புது உளுந்து வந்ததும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உளுந்தங்களி. தைப்பொங்கல் நெருங்கும்போது மொச்சை, சிறுகிழங்கு, பனங்கிழங்கு. குளிருக்குச் சூடும் எண்ணெய்ப் பசையும் வேண்டும் என்பதை நம் பாட்டிமார் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

இன்று பன்னிரண்டு மாதமும் ஒரே இட்லி, ஒரே சாம்பார், ஒரே நாலு காய் என்று ஆகிவிட்டது. வயலிலும் மாற்றம். களைக்கொல்லி தெளித்தால் அதலைக்கொடி கருகும். டிராக்டர் ஆழ உழுதால் கிழங்கு பெயர்ந்து காயும். தானாக வருவதுதானே என்று நாம் கவனிக்காமல் விட்டால், அது வராமலே போய்விடும். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் கம்புக்கும் குதிரைவாலிக்கும் கடைகளில் புது மவுசு வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பேர் எடுக்காத இந்தக் காய்களுக்கும் கீரைகளுக்கும் அடுப்படி ஒன்றே அடைக்கலம். கேட்டு வாங்க ஆள் இருந்தால்தான் பறித்து விற்க ஆள் இருப்பார்கள்.

ஆகவே இந்த மழைக்காலத்தில் ஒரு கூறு அதலைக்காய் வாங்குங்கள். இரண்டு முனையையும் கிள்ளி, கழுவி, நறுக்காமல் முழுசாகவே சின்ன வெங்காயமும் வரமிளகாயும் சேர்த்து நல்லெண்ணெயில் வதக்குங்கள். பிள்ளைகள் கசப்புக்கு முகம் சுளித்தால் இறக்கும்போது கொஞ்சம் கருப்பட்டி தூவுங்கள். புஞ்சை வைத்திருப்பவர்கள் வரப்போரத்துக் கொடிகளையாவது மருந்தடிக்காமல் விட்டு வையுங்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் வாசகர்கள், இலையுதிர் காலத்தில் அங்கே விளைகிற பூசணியைப் புளிக்குழம்பில் போட்டுப் பாருங்கள்; அந்தந்த மண் அந்தந்தப் பருவத்தில் தருவதைச் சாப்பிடுவதுதான் முறை.

கரிசல் சொற்களுக்கு அகராதி தொகுத்த கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல், கயத்தாற்றுக்குப் பக்கத்து ஊர்தான். கரிசலின் சமையலையும் அப்படித் தொகுத்து வைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, மழைக்கும் பனிக்கும் அவர்கள் சமைத்தவற்றைச் செய்முறையோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். கேட்டுக்கொள்ள அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்