நகர வாயிலில் நெருக்கடி

மாணவச் செல்வங்களே! காலை எட்டரை மணிக்குப் புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தில் நின்று பார்த்ததுண்டா? விழுப்புரத்துச் சாலையும், கடலூர்ப் பக்கத்திலிருந்து மரப்பாலம் வழியாக வரும் நூறடிச் சாலையும் அங்கே கூடுகின்றன. பள்ளிக்குச் செல்வோரும் அலுவலகம் செல்வோரும் ஒரே வேளையில் வந்து திரள்கின்றனர். ஆறுபோல் ஓட வேண்டிய சாலை குளம்போல் தேங்கிவிடுகிறது. அத்தேக்கத்தின் நடுவே ஓர் ஆம்புலன்ஸ் வண்டி அலறிக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். கடலூர்ப் பக்கத்து நோயாளி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையை அடைய, இச்சதுக்கத்தையும் அப்பாலுள்ள ராஜீவ் காந்தி சதுக்கத்தையும் கடந்தாக வேண்டும். உள்ளே கிடந்தவர் யார் பெற்ற பிள்ளையோ!

பழம் புதுச்சேரி நேர்த்தெருக்களால் அமைந்த அழகிய நகர். 1761-இல் ஆங்கிலேயர் அதன் மதிலை இடித்தனர். மதிலிருந்த எல்லையை ஒட்டிப் பின்னாளில் 'புல்வார்' சாலைகள் எழுந்தன. அவற்றுள் அடங்கிய தெருக்கள் பல்லக்குக்கும் மாட்டு வண்டிக்கும், ஆள் தள்ளிச் செல்லும் புஷ்புஷ் வண்டிக்கும் போதுமானவை. இன்றோ ஊர் பரந்துவிட்டது. தெருவின் அகலம் வளரவில்லை.

இவ்விரு சதுக்கங்களையும் இணைத்து, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்தில் மேம்பாலச் சாலை அமைக்க 2025-இல் அடிக்கல் நாட்டினர். நல்ல முயற்சியே. ஊரைக் கடந்து செல்வோர்க்கு அது பெரிதும் உதவும். ஆயினும் நகருக்குள் வருவோர் பாலத்தினின்று இறங்கித்தானே ஆகவேண்டும்? இறங்கிச் சேருமிடம் அதே பழைய தெருவன்றோ? ஆதலின் வண்டிகளின் தொகையைக் குறைப்பதே முதல் வேலை என்பது என் கருத்து.

கணக்கிட்டுப் பாருங்கள். ஐம்பதின்மர் தனித்தனியே இருசக்கர வண்டியில் வந்தால், இரண்டிரண்டாக நெருக்கி நிறுத்தினாலும் 50 மீட்டர் சாலை வேண்டும். ஒரு பேருந்து 12 மீட்டருக்குள் அவர்களை அடக்கிவிடும். "பேருந்து உரிய நேரத்தில் வருவதில்லையே!" என்பீர்கள். மெய்தான், அதுவும் இந்நெரிசலில் சிக்கும் வண்டிதானே? ஆகவே, காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு மணி நேரமேனும் சாலையின் ஒரு புறத்தைப் பேருந்துக்கென ஒதுக்குதல் வேண்டும். ஆம்புலன்சும் அவ்வழியே விரைந்து செல்லும்.

பள்ளிகளையும் அலுவலகங்களையும் அரைமணி முன்பின்னாகத் திறக்கலாம். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் ஒன்பது மணிப் பள்ளியை எட்டரைக்கு மாற்றினால் முதலில் முணுமுணுப்பவர்கள் நீங்களே என்பதையும் அறிவேன். அரைமணித் தூக்கம் போய்விடுமல்லவா!