பந்தலூர்ப் பொன்னும் பதிவாகாத வெற்று மாதிரிகளும்

கீரிப்பாறை போன்ற நம் மலையடிவாரங்களில், நைஸ் பாறை சிதைந்து வரும் ஓடை மணலில் காக்காப்பொன் மினுங்கும். தட்டில் அரித்தால் அது தண்ணீரோடு போய்விடும். ஐயம் அங்கேயே தீரும். நீலகிரியின் பந்தலூர், தேவாலாவில் சிக்கல் வேறு. அங்கே தங்கம் மெய்யாகவே இருந்தது.

உள்ளூர் மக்கள் பல தலைமுறைகளாக ஓடை மணலை அரித்தும் குவார்ட்ஸ் நரம்புகளைத் தோண்டியும் தங்கம் எடுத்த இடம் அது. 1870களின் நடுவில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் அந்த நரம்புகளைப் பார்வையிட்டார். 1879இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரவ் ஸ்மித்தின் ஆய்வறிக்கை நம்பிக்கையைப் பெருக்கியது. இங்கிலாந்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முளைத்தன. அவற்றின் அறிவிக்கப்பட்ட மூலதனம் நாற்பது லட்சம் பவுண்டைத் தாண்டியது. நரம்பு எவ்வளவு ஆழம் போகிறது, சராசரித் தரம் என்ன என்று தெரியுமுன்பே இயந்திரங்கள் மலையேறின. சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது.

காரணம் பாறையிலேயே இருந்தது. மேற்பரப்பில் பைரைட் சிதைந்து, அதற்குள் இருந்த தங்கம் விடுபட்டுக் கிடந்தது. பழைய தோண்டுநர்கள் வழித்தெடுத்தது அந்தச் செழித்த மேலடுக்கைத்தான். கீழே போனால் தங்கம் சல்ஃபைடுக்குள் சிக்கிக் கிடக்கும்; தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் அதை எளிதில் பற்றாது. போதாக்குறைக்கு, நரம்புக்குள் தங்கம் சீராகப் பரவியிருக்கவில்லை. கண்ணுக்குப் பட்ட நல்ல துண்டைப் பொறுக்கிச் சோதித்தவருக்குக் கிடைத்தது துண்டின் தரம். நரம்பின் தரம் அல்ல.

புவியியலாளர்களான ஹேடனும் ஹாட்சும் முறைப்படி மாதிரி எடுத்து ஆராய்ந்து, இந்த நரம்புகள் தொழிலுக்குத் தேறாத அளவு வறியவை என்று எழுதியது 1901இல்தான். பணம் போய் ஏறத்தாழ இருபது ஆண்டு கழிந்திருந்தது. அந்தத் தங்கவயல் குறித்து வந்தவற்றில் எனக்கு மிக மதிப்புள்ள ஆவணம் அதுவே. இல்லை என்பதை எண்களோடு சொன்னது. கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களில் இன்றும் திருட்டுத்தனமாகத் தோண்டுவோர் உயிரிழக்கிறார்கள். ஆகவே அந்த எண்களுக்கு வேலை இன்னும் இருக்கிறது.

நம் துறையில் வெற்று முடிவுகள் பெரும்பாலும் கள நோட்டோடு நின்றுவிடுகின்றன. அடுத்து வருபவர் அதே ஓடையை மறுபடி அரிக்கிறார். இனி இந்த இதழ் அவற்றுக்கும் இடம் தரும். மாதிரி எடுத்த இடம், எடை, எடுத்த முறை, சோதனை முறை நான்கையும் குறித்து, தங்கம் தென்படாத முடிவுகளையும் எங்களுக்கு அனுப்புங்கள்.