தலைக்கணக்கும் மலைவாழ்வும்

எதனை எண்ணுகிறோம் என்று தெளியாமல் எண்ணிக்கையைக் கொண்டு பெருமை பேசுவது தனிமனிதர்க்கே தீங்கு தரும். அரசுகள் அதனைச் செய்யுமாயின், அத்தவற்றின் சுமையைத் தாங்குவோர் பெரும்பாலும் அக்கணக்கில் இடம்பெறாத எளியோராகவே இருப்பர். அயல்நாட்டுப் பயணியரின் வருகையைக் கொண்டும், அவர்களால் வரும் வருவாயைக் கொண்டும் நாடுகளை வரிசைப்படுத்தும் வழக்கம் வேரூன்றிவிட்ட இந்நாளில், கல்வராயன் மலையைப் போன்ற ஒதுங்கிய நிலப்பகுதியும் அந்த ஓட்டத்துக்குள் இழுக்கப்படும் நிலையில், இதனைச் சொல்வது நம் கடமையாகிறது.

2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10 கோடிப் பயணியரை வரவேற்ற பிரான்சு, வருகையில் உலகின் முதல் நாடு. ஆயினும் வருவாயில் முதலிடம் 20,000 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய அமெரிக்காவுக்கே உரியது. ஓர் இரவேனும் தங்கியவரே பயணி என்பது உலக வரையறை. ஆகவே, இசுபெயினுக்கோ இத்தாலிக்கோ போகும் வழியில் ஓரிரவு உறங்கிச் செல்பவரும் பிரான்சின் கணக்கில் ஒரு தலை.

நம் நாட்டிலோ குழப்பம் இன்னும் ஆழமானது. 2019-இல் இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டினர் சுமார் 1 கோடியே 9 இலட்சம் பேர். அதே ஆண்டில் மாநிலங்கள் தத்தம் கணக்கில் காட்டிய அயல்நாட்டார் வருகைகளைக் கூட்டினால் 3 கோடியே 14 இலட்சம் ஆகிறது. இதில் பொய் ஏதுமில்லை. சென்னையில் இறங்கி மதுரைக்கும் கேரளத்துக்கும் ஆக்ராவுக்கும் சென்ற ஒருவரை ஒவ்வொரு மாநிலமும் தன் விருந்தினராக எண்ணியிருக்கிறது. 68 இலட்சத்துக்கு மேற்பட்ட வருகைகளோடு அவ்வாண்டில் முதலிடம் பெற்றது தமிழ்நாடு. பெருமைதான், ஆனால் ஆளுக்கும் வருகைக்கும் உள்ள வேறுபாட்டை மறந்து திட்டம் வகுப்பவர், வராத கூட்டத்துக்கு விடுதி கட்டுவார்.

இனி நம் கல்வராயன் மலைக்கு வருவோம். கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் விடுமுறை நாள்களில் ஊர்திகள் நெருங்குகின்றன. கரியாலூர், வெள்ளிமலை, பெரியார் அருவி, மேகம் அருவி எனச் சுற்றிப் பார்ப்போரிற் பெரும்பாலோர் வீட்டிலேயே கட்டிய புளிச்சோற்றோடு ஏறி, பொழுது சாயுமுன் இறங்கிவிடுகின்றனர். அவர்களை நாம் குறைகூறவில்லை. ஏழைக் குடும்பங்களும் அருவியில் நனைய உரிமையுடையவை. ஆனால் அவர்கள் சென்றபின் அருவிப் பாறைகளின் இடுக்கில் கிடக்கும் மதுக்குப்பிகளின் சில்லுகள், மறுநாள் வெறுங்காலோடு அங்கே இறங்கும் மலையாளிப் பழங்குடிச் சிறுவர்களுக்காகக் காத்திருக்கின்றன. கடுக்காயையும் தேனையும் பாதையோரத்தில் பரப்பி அமர்ந்திருக்கும் மலைப்பெண்ணின் முந்தானையில் அன்று மாலை முடியப்படும் தொகை எவ்வளவு என்பதை எந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

நெடுங்காலம் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்து, 1976-இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்த மலை இது. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதுதான், சாராயத்தோடு சேர்த்தே பேசப்பட்டுவந்த இம்மலையின் வறுமையும் நாட்டின் கண்ணிற் பட்டது. மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்துக்கொண்டது. அவர்களுக்கு நேர்வழிப் பிழைப்பு வேண்டும். சுற்றுலா அப்பிழைப்பைத் தருமாயின் நாம் அதனை இருகை நீட்டி வரவேற்போம்.

எவ்வகைச் சுற்றுலா என்பதே கேள்வி. உதகையும் கொடைக்கானலும் கூட்டத்தைப் பெருக்கிப் பெருக்கி மூச்சுத் திணறியபின், 2024 மே 7 முதல் இ-பாஸ் இன்றி ஏறலாகாது என்று நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. மறுஆண்டில் ஊர்திகளின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டப்பட்டது. பூட்டானோ 1974-இல் தன் வாயிலைத் திறந்தபோதே குறைந்த கூட்டம், நிறைந்த பயன் என்ற நெறியைக் கொண்டது. இன்றும் பெரும்பாலான அயல்நாட்டாரிடம் இரவொன்றுக்கு 100 டாலர் வளர்ச்சிக் கட்டணம் பெறுகிறது. அக்கட்டணத்தை அப்படியே இங்குப் பெயர்த்து நட இயலாது. ஆனால் சீர்கெட்டபின் வரம்பிடுவதைவிடத் தொடக்கத்திலேயே வரம்பிடுவது எளிது என்பதற்கு அந்நாடு சான்று.

ஆகவே மாவட்ட ஆட்சியமும் சுற்றுலாத் துறையும் வந்தவர் தொகையோடு நின்றுவிடாமல், எத்தனை பேர் இரவு தங்கினர், அவர்கள் செலவிட்டதில் எவ்வளவு மலைவாழ் குடும்பங்களின் கையில் நின்றது, எவ்வளவு சமவெளிக்கு இறங்கியது என்பதையும் கணக்கெடுக்க வேண்டும். புதிய விடுதியானாலும் படகுத்துறையானாலும், வெளியார்க்கு உரிமம் வழங்குமுன் கிராம சபையின் ஒப்புதலைப் பெற வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டினைக் காக்கும் உரிமையையும் பொறுப்பையும் அச்சபைகளிடமே அளித்திருக்கிறது. நோயாளியைத் தூளி கட்டித் தோளிற் சுமந்துவரும் சிற்றூர்களுக்குப் போடவேண்டிய சாலை, அருவிக்குப் போடும் சாலைக்குப் பின்தள்ளப்படலாகாது. இம்மலையில் நடக்கும் அடுத்த கோடை விழாவுக்குப் பந்தற்கால் நடுமுன், சென்ற விழாவின் வரவுசெலவு வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் மக்கள் முன்னிலையில் வாய்விட்டுப் படிக்கப்படட்டும்.