திருடன் டிரைவரா? மீட்டரா?

ஒரு கிலோ அரிசி கேட்டவருக்குக் கடைக்காரர் 900 கிராம் நிறுத்துக் கொடுத்தால் விடுவோமா? விட மாட்டோம். கடை வாசலிலேயே சண்டை போடுவோம். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போட அரசாங்கம் தனி அதிகாரிகளையே வைத்திருக்கிறது.

லாரியிலும் ஒரு தராசு இருக்கிறது. டிரைவரின் கண்ணுக்கு நேராக இருக்கிறது. அதன் பெயர் ஸ்பீடாமீட்டர். வேகத்தையும் தூரத்தையும் அளந்து சொல்வது அதன் வேலை.

அந்தத் தராசு பொய் சொன்னால் என்ன ஆகும்?

டிரைவரின் பேட்டா போகும். நல்ல பெயர் போகும். சில சமயம் உயிரும் போகும்.

பழைய லாரி வைத்திருக்கும் முதலாளிகள் டிரைவரைச் சந்தேகப்படும் முன்பு மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும். இதுதான் நம் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

25 லிட்டர் எங்கே?

ஒரு கணக்குப் போடுவோம்.

நாமக்கல்லில் ஒருவர் பழைய லாரி ஒன்று வைத்திருக்கிறார். லிட்டருக்கு 4 கிலோ மீட்டர் ஓடும் வண்டி. டிரைவர் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்த் திரும்புகிறார். மீட்டரில் 600 கிலோ மீட்டர் ஏறியிருக்கிறது. டீசல் 175 லிட்டர் செலவாகியிருக்கிறது.

முதலாளி கணக்குப் பார்க்கிறார். 600 கிலோ மீட்டருக்கு 150 லிட்டர் போதுமே! மீதி 25 லிட்டர் எங்கே?

"முதலாளி, நான் ஒரு சொட்டுக்கூட எடுக்கலீங்க" என்கிறார் டிரைவர்.

"அப்போ மீட்டர் பொய் சொல்லுதா?" என்று முதலாளி கேட்கிறார்.

ஆம்! மீட்டர்தான் பொய் சொல்கிறது. லாரி உண்மையில் ஓடியது 700 கிலோ மீட்டர். 700 கிலோ மீட்டருக்கு 175 லிட்டர் என்றால் லிட்டருக்குச் சரியாக 4 கிலோ மீட்டர். டிரைவர் ஒரு சொட்டும் எடுக்கவில்லை.

ஆனால் இதை யார் நம்புவார்கள்? மீட்டருக்கு வாய் இல்லை. டிரைவரின் வாய்ப் பேச்சு எடுபடாது. "டீசல் திருடன்" என்ற பெயர் ஒரு தடவை வந்துவிட்டால், அடுத்த லாரி ஷெட்டில் வேலை கேட்டுப் போகும்போதும் அது கூடவே வரும்.

மீட்டருக்குள் என்ன இருக்கிறது?

மீட்டர் எப்படிப் பொய் சொல்கிறது என்பதை அறிய, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய லாரிகளில் இருக்கும் மீட்டர், 1902-ம் ஆண்டில் ஓட்டோ ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற முறையில் அமைந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த முறை மாறவில்லை.

கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டு போவது ஒரு நீண்ட ஷாப்ட். கியர் பெட்டியில் அந்த ஷாப்டோடு சேர்ந்து ஒரு சிறிய பல்சக்கரம் சுற்றும். அது ஒரு கேபிளைச் சுற்றும். கேபிளின் மறுமுனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும்.

காந்தத்தை ஒட்டி ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தொடுவதில்லை. ஆனால் காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் உண்டாகிறது. அதனால் கிண்ணமும் காந்தத்தின் பின்னாலேயே திரும்பப் பார்க்கிறது. தலைமுடி போன்ற ஒரு மெல்லிய சுருள் கம்பி அதைப் பிடித்து இழுக்கிறது. இந்த இழுபறியில் கிண்ணம் எங்கே நிற்கிறதோ, அங்கே முள் நிற்கும்.

கிலோ மீட்டர் எண்களைச் சுற்றுவதும் அதே கேபிள்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரத்தைக்கூட அளப்பதில்லை. ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மற்றதெல்லாம் கம்பெனியில் போட்ட கணக்கு.

பொய் எங்கே பிறக்கிறது?

லாரி கம்பெனியிலிருந்து வந்தபோது கணக்குச் சரியாக இருந்தது. பிறகு நாம்தான் வண்டியை மாற்றுகிறோம்.

டயரை மாற்றுகிறோம். 9.00-20 அளவு டயரை எடுத்துவிட்டு 10.00-20 அளவு டயர் போட்டால், ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கூடுதலாக லாரி ஓடும். மீட்டருக்கு அது தெரியாது. டயர் தேய்ந்தால் இதற்கு நேர்மாறு. ஓடும் தூரம் குறையும். மீட்டர் கூட்டிச் சொல்லும்.

டயரால் வரும் பொய் சின்னப் பொய். பெரிய பொய் பின் அச்சில் இருக்கிறது.

டீசல் மிச்சமாக வேண்டும், வண்டி வேகமாக ஓட வேண்டும் என்று சிலர் பின் அச்சில் உள்ள கிரவுன், பினியன் சக்கரங்களை மாற்றுகிறார்கள். பழைய பினியனுக்கு 6 பல், கிரவுனுக்கு 41 பல் என்று வைத்துக்கொள்வோம். ஷாப்ட் 41 சுற்று சுற்றினால் சக்கரம் 6 சுற்று சுற்றும். புதிய பினியனுக்கு 7 பல் என்றால், அதே 41 சுற்றுக்குச் சக்கரம் 7 சுற்று சுற்றும்.

மீட்டரோ பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருக்கிறது. 7 சுற்று ஓடியதை 6 என்கிறது. 700 கிலோ மீட்டர் ஓடினால் 600 என்கிறது. 70 வேகத்தில் போனால் 60 என்கிறது.

அந்த 25 லிட்டர் இப்படித்தான் காணாமல் போனது!

இவை தவிர, வயதாகிக் காந்தம் பலம் குறைந்தாலும் முள் குறைத்துக் காட்டும். சுருள் கம்பி தளர்ந்தால் கூட்டிக் காட்டும். கேபிள் மடங்கினாலும், உள்ளே கிரீஸ் காய்ந்தாலும் முள் கிடந்து துள்ளும்.

எந்தப் பொய் ஆபத்தானது?

கூட்டிச் சொல்லும் மீட்டரால் பெரிய மோசம் இல்லை. டிரைவர் கொஞ்சம் மெதுவாகப் போவார், அவ்வளவுதான். குறைத்துச் சொல்லும் மீட்டர்தான் எமன்.

பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சபையின் 39-வது வாகன விதியும் இதையே சொல்கிறது. வண்டி 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது புதிய மீட்டர் 70 வரை கூட்டிக் காட்டலாம். ஆனால் 60-க்குக் கீழே ஒரு கோடு கூடக் குறைத்துக் காட்டக்கூடாது.

60-க்கும் 70-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். பிரேக் போட்ட பிறகு லாரி நிற்க வேண்டிய தூரம், வேகத்தைப் போல் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தைப் போல் கூடுகிறது. 60-ல் 100 அடியில் நிற்கும் என்றால், 70-ல் 136 அடி வேண்டும். அந்த 36 அடியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரிகள் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய் மோதிய இடம் அது. அங்கே முள்ளை நம்பி இறங்கும் டிரைவரை அந்த முள்ளே ஏமாற்றினால் அவர் என்ன செய்வார்?

போலீசாரின் வேகக் கருவி லாரியின் மீட்டரைப் பார்ப்பதில்லை, லாரியைப் பார்க்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வேக வரம்பை மீறும் கனரக வாகனத்துக்கு 2000 ரூபாய் முதல் 4000 ரூபாய் வரை அபராதம். "மீட்டர் 60தான் காட்டியது" என்றால் யார் கேட்பார்கள்? கடைசியில் அந்தப் பணம் டிரைவரின் பேட்டாவில் கைவைத்தால், அது அநியாயம் அல்லவா?

காதே போதுமா?

"இருபது வருஷம் லாரி ஓட்டியவனுக்கு மீட்டர் எதற்கு? எஞ்சின் சத்தம் கேட்டாலே வேகம் தெரியும்" என்று சிலர் சொல்வார்கள்.

பழக்கம் பெரிதுதான். ஆனால் பினியனை மாற்றிய வண்டியில் காதும் ஏமாறும். எஞ்சின் பழைய 60-க்கு உரிய அதே சத்தத்தில்தான் ஓடும். லாரியோ 70-ல் போய்க்கொண்டிருக்கும். மீட்டர் சொல்லும் அதே பொய்யை எஞ்சினும் சொல்கிறது!

எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு கடிகாரம் போதும்.

சமமான, நெரிசல் இல்லாத நெடுஞ்சாலைக்குப் போங்கள். முள்ளை 60-ல் நிலையாக வைத்து ஓட்டச் சொல்லுங்கள். கிலோ மீட்டர் கற்களைப் பார்த்து 5 கிலோ மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் இருக்கும் கிளீனர் குறிக்கட்டும். டிரைவர் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது.

சரியாக 5 நிமிடம் ஆனால் மீட்டர் யோக்கியன். 5 நிமிடத்துக்கு மேல் ஆனால் கூட்டிச் சொல்கிறது. 4 நிமிடம் 17 விநாடியில் முடிந்துவிட்டால், முள் 60 காட்டும்போது லாரி 70-ல் போகிறது என்று பொருள்.

போகும்போது ஒரு தடவையும் திரும்பும்போது ஒரு தடவையும் பாருங்கள். செல்போனில் ஜி.பி.எஸ். இருந்தால் அதையும் வைத்து ஒப்பிடலாம். அது செயற்கைக்கோளிலிருந்து வரும் கணக்கு. டயரும் பினியனும் அதை ஏமாற்ற முடியாது.

எப்படிச் சரி செய்வது?

முதலில் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் இட்டு, மடக்கு இல்லாமல் மாட்ட வேண்டும். முள் துள்ளுவது பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும்.

முள்ளும் கிலோ மீட்டர் எண்ணும் ஒரே அளவில் தப்பாக இருந்தால், நோய் மீட்டரில் இல்லை. பல்சக்கரக் கணக்கில் இருக்கிறது. கேபிளைச் சுற்றும் சிறு பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். 7-ஐ 6 என்று சொல்லும் மீட்டருக்கு, 21 பல் இருந்த இடத்தில் 18 பல் உள்ளதைப் போட்டால் கணக்கு நேராகிவிடும். பொருத்தமான பல்சக்கரம் கிடைக்காவிட்டால், கேபிளுக்கு இடையில் மாட்டும் சிறு கியர் பெட்டி ஒன்று உண்டு.

எண் சரியாக இருந்து முள் மட்டும் தப்பாக இருந்தால், மீட்டர் ரிப்பேர் கடைக்குக் கொண்டு போங்கள். காந்தமும் சுருள் கம்பியும் அவர்கள் வேலை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். முள்ளைப் பிடுங்கி, பத்துக் கோடு தள்ளிச் செருகுவது வேண்டாம். அப்படிச் செய்தால் 70-ல் மட்டும் சரியாகக் காட்டும். நின்றுகொண்டிருக்கும் லாரி 10 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும்! கிலோ மீட்டர் எண்ணோ பழைய பொய்யையே சொல்லும்.

மீட்டரைச் சரி செய்த தேதியையும், அன்று இருந்த கிலோ மீட்டர் எண்ணையும் லாரி நோட்டில் எழுதி, முதலாளியும் டிரைவரும் கையெழுத்துப் போட்டு வைப்பது நல்லது. பிறகு டீசல் கணக்கில் சண்டை வராது.

யார் செலவு?

முதலாளி செலவுதான். டயரை மாற்றியவர் அவர். பினியனை மாற்றி டீசலை மிச்சம் பிடித்தவரும் அவர். அந்த மிச்சத்தில் ஒரு சிறு பங்கு மீட்டருக்குப் போகட்டும்.

எப்.சி. பார்க்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய லாரியில் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. சரியாக ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். டயர் அளவோ பின் அச்சோ மாறியிருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

லாரி டிரைவர் வீட்டுத் தாய்மார்களே! கணவரோ மகனோ அடுத்த நடைக்குக் கிளம்பும்போது, "மீட்டர் சரியா இருக்குதா? கல்லு பார்த்து ஒரு தடவை கணக்குப் போடுங்க" என்று சொல்லுங்கள். தப்பாக இருந்தால், எத்தனை நிமிடம் எத்தனை விநாடி ஆனது என்று எழுதிக்கொண்டு முதலாளியிடம் போகச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகும் மீட்டரைச் சரி செய்யாத முதலாளிக்கு, டீசல் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை.